எதுவரைக்கும் உயிர் இருக்கு?

தை முடிய நாலைந்து நாள் இருந்தபோது, திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். வண்டியின் முன்பக்கத்தில் பழைய போர்வை சுற்றிய கம்ப்யூட்டர் கேபினட். கல்யாண வீடியோ எடிட்டிங் அவன் தொழில். மாசி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று, கையிலிருந்த காசையெல்லாம் போட்டுப் புது பிராசசர் வாங்கி, தானே மாட்டியிருக்கிறான். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. ராத்திரி அவன் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

“போர்டு செத்துப்போச்சுக்கா” என்றான்.

கும்பகோணம் பெரிய தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் 19 வருடமாக இந்த வேலை செய்கிறேன். இந்த வாக்கியத்தைக் கேட்காத வாரம் கிடையாது. எங்கள் தொழிலில் இதற்கு ‘நோ டிஸ்ப்ளே’ என்று பெயர். அந்தப் பெயரில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குத் தோன்றும். காட்சி வரவில்லை, அவ்வளவுதான் அது சொல்கிறது. தம்பி பார்த்தது கறுப்புத் திரையை, சொன்னது சாவை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தூரத்தில் என் அப்பா 40 நாள் கிடந்தார்.

முதலில் தம்பியின் மெஷினைச் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டரை அணைத்து வைத்திருந்தாலும், பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஊதா ஒயரில் 5 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். பட்டனை அழுத்தினால் போர்டு பச்சை ஒயரைத் தாழ இழுக்கும். உடனே மற்ற வோல்டேஜ்கள் எழும். எல்லாம் நிலைக்கு வந்ததும் சாம்பல் நிற ஒயர் வழியாக ‘சரி, தொடங்கலாம்’ என்று ஒரு சைகை போகும். அதற்குப் பிறகுதான் பிராசசர் கண் விழிக்கும். பயாஸ் சிப்பில் எழுதியிருப்பதைப் படிக்கும், ராமைத் தேடும், அதோடு பழகிப் பார்க்கும், கீபோர்டைத் தேடும், படம் காட்டும் உறுப்பைத் தேடும். திரையில் முதல் எழுத்து வருவதற்குள் இத்தனையும் நடந்து முடிந்திருக்க வேண்டும். நம் கண்ணுக்கு அந்த எழுத்துதான் ஆரம்பம். மெஷினுக்கு அது பாதி வழி.

புதுசாக ஒன்றை மாட்டியபின் ஓடவில்லை என்றால், மாட்டியதுதான் காரணம் என்று மனசு உடனே முடிவு கட்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். பிராசசரை மாற்றுகிறபோது கை பட்டு ராம் லேசாகத் தூக்கியிருக்கும், எட்டு பின் பவர் ஒயரைத் திரும்ப மாட்ட மறந்திருக்கும், கேபினட்டுக்குள் விழுந்த ஒரு திருகு போர்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் நான் எதையும் நம்புவதில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன். ஹார்டு டிஸ்க், எஸ்.எஸ்.டி., முன்பக்க யு.எஸ்.பி. ஒயர்கள், கூடுதல் ஃபேன் எல்லாம் போகும். இரண்டு ராமில் ஒன்று போகும். மிச்சமிருப்பதன் பித்தளை நிற விளிம்பை அழிரப்பரால் தேய்த்து, பிராசசரிலிருந்து இரண்டாவதாக உள்ள இடத்தில் மாட்டுவேன். பொத்தான் மாதிரி இருக்கும் 3 வோல்ட் பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் போடுவேன். கடைசியில் போர்டு, பிராசசர், அதன் ஃபேன், ஒரு ராம், பவர். அதற்குக் கீழே இறங்க முடியாது.

தம்பியின் மெஷினையும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தினேன். திரை அப்போதும் கறுப்பு. பிறகு ஒரு கீபோர்டைச் செருகி, அரை நிமிஷம் பொறுத்து, நம்லாக்கை அழுத்தினேன்.

கீபோர்டின் வலது மூலையில் கடுகளவு பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினேன், அணைந்தது. மறுபடி அழுத்தினேன், எரிந்தது. அந்த விளக்கைக் கீபோர்டு தானாக எரிய விடுவது கிடையாது. விரல் பட்ட செய்தி மெஷினுக்குள் போய், மெஷின் அதைக் கேட்டு, ‘எரி’ என்று திருப்பிச் சொன்னால்தான் எரியும்.

“தம்பி, இது சாகல. நம்ம சொல்றதக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு” என்றேன்.

கோளாறு இன்னதென்று அதற்குமேல் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. அவன் கழற்றியது ரைசன் 3 3200ஜி. அந்தக் கடைசி ‘ஜி’ எழுத்துக்குப் பொருள், படம் காட்டும் பகுதியும் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது என்பது. மாட்டியது ரைசன் 5 5600. வேகம் அதிகம், ஆனால் அதற்குள் அந்தப் பகுதி கிடையாது. தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். போர்டின் பின்னால் திரை ஒயர் மாட்டும் ஓட்டை அப்படியே இருக்கிறது, ஒயரும் அழகாகப் பொருந்துகிறது, அதற்குப் பின்னால் அனுப்புவதற்கு ஆள் இல்லை. அலமாரியில் சோதனைக்கென்றே ஒரு பழைய ஜி.டி. 710 கார்டு வைத்திருக்கிறேன். அதை மாட்டி, திரை ஒயரை அதில் செருகினேன்.

திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரு கேள்வி நின்றது. புது பிராசசர் மாட்டப்பட்டிருக்கிறது, பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதியைப் புதிதாக்கலாமா, ஆமென்றால் ‘ஒய்’ அழுத்து, வேண்டாமென்றால் ‘என்’ அழுத்து. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி எதையும் போட்டிருக்கிறானா என்று தம்பியைக் கேட்டேன். இல்லை என்றான். ‘ஒய்’ அழுத்தினேன். மெஷின் மேலே போனது.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குக் கை ஓடவில்லை. முந்தின நாள் ராத்திரியிலிருந்து அவன் எத்தனை தடவை அந்தப் பட்டனை அழுத்தினானோ, அத்தனை தடவையும் அது அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று போதும். எதிரே உட்கார்ந்திருந்தவன் அதைச் செத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அப்பா ரேடியோ மெக்கானிக். 1970களில் வால்வு ரேடியோவில் தொடங்கி, டிரான்சிஸ்டர், டேப் ரிக்கார்டர் என்று போனவர். நான் சால்டரிங் இரும்பைப் பிடித்தது அவர் கடையில். ஊமையாகிப்போன ஒரு ரேடியோவை அவர் எப்படி அணுகுவார் என்பது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். கட்டைப்பிடி போட்ட மெல்லிய ஸ்குரூடிரைவரின் உலோகத்தில் விரலை வைத்துக்கொண்டு, வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலை அதன் நுனியால் தொடுவார். ஸ்பீக்கரில் ‘உர்ர்’ என்று ஒரு உறுமல் வந்தால் அங்கிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் எல்லாம் நலம். பிறகு ஒரு படி பின்னால் போவார், அங்கே தொடுவார். உறுமல் எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முன் தொட்ட இடத்துக்கும் நடுவே இருக்கிறது கோளாறு.

“சத்தம் வரலன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்லம்மாடி. எதுவரைக்கும் உயிர் இருக்குன்னு பாரு” என்பார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் சோறு தின்கிறேன். அப்படியிருந்தும் அவர் விஷயத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மார்கழி நடுவில் ஒரு விடியற்காலை, கொல்லையில் பல் விளக்கப் போனவர் விழுந்தார். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கையும் காலும் போயின, பேச்சு போயிற்று. மருத்துவமனையில் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. “பேச்சு வர்றது கஷ்டம். எவ்வளவு புரியுதுங்கிறது போகப் போகத்தான் தெரியும்.” நாங்கள் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தோம். கூடத்தில் கட்டில் போட்டோம். வேளைக்குக் கஞ்சி, மருந்து, புரட்டிப் படுக்க வைப்பது, எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டே கடை வாடகையைப் பேசினோம், வைத்தியச் செலவைப் பேசினோம், இன்னும் எத்தனை நாளோ என்றும் பேசினோம். அத்தை தினமும் ஒருமுறை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, “அண்ணனுக்கு ஒண்ணும் தெரியலயே” என்பாள். அவருடைய இடது கை அடிக்கடி எழுந்து மார்பைப் பிராண்டும், சட்டையில்லாத வெறும் மார்பை. நரம்பு இழுக்கிறது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடையில் அந்தக் கேள்வியைத் திரையில் பார்த்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நாகேசுவரன் கோயிலில் போய் உட்கார்ந்தேன். சித்திரையில் சில நாள் காலை வெயில் நேரே கருவறைக்குள் போய் லிங்கத்தின் மேல் விழும் கோயில் அது. சிறுவயதில் அப்பா தோளில் உட்கார வைத்துக் காட்டியிருக்கிறார். வருடத்தின் மற்ற நாளெல்லாம் உள்ளே அகல் வெளிச்சம்தான். அந்த நாட்களில் சூரியன் எங்கும் போய்விடுவதில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது சைவ சித்தாந்த வகுப்பு நினைவுக்கு வந்தது. மாதம் ஒரு ஞாயிறு போய்க்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சிவஞான சித்தியார் நடத்தினார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த நூல். கடவுளைப் பற்றிப் பேசப்போகிற புத்தகம், முதலில் ‘அளவை’யில் கால் ஊன்றுகிறது. ஒன்றை அறிந்தேன் என்று சொல்கிறாயே, எதை வைத்து அறிந்தாய் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போகிறது. அது எனக்கு மிகவும் பிடித்தது. நானும் மீட்டரால் அளப்பதற்கு முன் மீட்டர் சரியா என்று பார்க்கிறவள்.

அந்த அளவைப் பட்டியலில் ‘அபாவம்’ என்று ஒன்று வருகிறது, இன்மையை அறிவது. மேசைமேல் குடம் இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? இருக்கிற பொருள் கண்ணில் படும், இல்லாமை எப்படிப் படும்? இதற்காக நம் முன்னோர் பல நூற்றாண்டு வழக்காடியிருக்கிறார்கள். காணாமையே ஒரு தனி அளவை என்றார் குமாரில பட்டர். வேண்டியதில்லை, இன்மையும் காட்சியாலேயே தெரியும் என்றார்கள் நியாய நூலார். அது ஒருவகை அனுமானம் என்றார் பௌத்தரான தர்மகீர்த்தி. அருணந்தியார் மற்றவர்கள் சொன்ன அளவைகளையெல்லாம் எண்ணிக் காட்டிவிட்டு, காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் எல்லாம் அடங்கும் என்று முடிப்பார். இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடியவர்களிடம் பொதுவாக ஒரு நிபந்தனை இருந்தது. அதைக் கேட்ட அன்று வகுப்பில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருந்திருந்தால் கண்டிருப்பேன் என்று சொல்ல முடிகிற இடத்தில் மட்டுமே, காணவில்லை, ஆகவே இல்லை என்று சொல்லலாம். வெளிச்சம் இருக்கிறது, கண் நலமாக இருக்கிறது, மேசை திறந்திருக்கிறது, குடம் காணத்தக்க பொருள். அப்படியானால் குடம் இல்லை. இருட்டறையில் அதையே சொல்ல முடியாது. தூணில் பிசாசு இல்லை என்றும் காணாமையை வைத்துச் சொல்ல முடியாது என்பார்கள், பிசாசு கண்ணுக்குத் தெரியும் பொருள் அல்லாததால்.

தம்பி செய்த பிழை இதுதான். திரையில் படம் வரும் வழியே அடைபட்டிருந்தது. மெஷின் உயிரோடு இருந்தாலும் கறுப்புத்தான், செத்திருந்தாலும் கறுப்புத்தான். அந்தக் கறுப்புக்கு எதையும் சொல்லத் தகுதி இல்லை. நம்லாக் விளக்குக்கு இருந்தது.

மணிமேகலையில் 27ஆவது காதையிலும் அளவைகள் வருகின்றன, அதோடு அறிவு தவறும் வகைகள் எட்டும் வருகின்றன. அவற்றில் ஒன்று ‘தேராது தெளிதல்’. வெளியில் நிற்கும் கட்டையை ஆராயாமல் மனிதன் என்று முடிவுசெய்வது அதற்கு எடுத்துக்காட்டு. நாங்கள் செய்தது அதன் மறுபக்கம். மனிதனைக் கட்டை என்று முடிவுசெய்தோம்.

கடவுளுக்கும் இதே வாதத்தைக் கொண்டுபோனவர் நியாய நூலாரான உதயணர். காணவில்லை என்பதால் ஈசன் இல்லை என்று சொல்ல முடியாது, காணத்தக்க பொருளுக்குத்தான் அந்த நியாயம் என்று நியாயகுசுமாஞ்சலியில் எழுதினார். அப்படியானால் முயலுக்குக் கொம்பு இல்லை என்றும் சொல்ல முடியாதே என்று எதிராளி கேட்பான் என்பதும் அவருக்குத் தெரியும். கொம்பு என்பது காணத்தக்க பொருள், முயல் தலையில் இருந்தால் தெரிந்திருக்கும், ஆகவே இல்லை என்பது அவர் பதில். எனக்கு இந்த வாதத்தின் எல்லை பிடித்திருக்கிறது. அது வழியில் கிடந்த ஒரு கல்லை நகர்த்துகிறது. சந்நிதிக்குள் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. கும்பிட்டேன், பதிலே இல்லை, அவன் இல்லை என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இந்த வாதத்தை நான் எடுத்துப் போட்டதில்லை. அழுகிறவரிடம் அளவை பேசக் கூடாது.

என் மனம் அன்று போய் நின்றது கடவுளிடம் இல்லை. கழற்றிப்போட்டு வைத்திருந்த அந்த மெஷினிடம். வகுப்பில் உயிரின் நிலைகளைச் சொல்லும் அவத்தை பாடம் நடந்தபோது, இது என் மேசை அல்லவா என்று நினைத்தது உண்டு. உயிர் நனவில் இருக்கும்போது அதற்கு 35 கருவிகள். கனவில் பத்துப் பொறிகளும் கழன்று 25. ஆழ்ந்த உறக்கத்தில் சித்தம், பிராணன், புருடன் என்று மூன்று. துரியத்தில் பிராணனும் புருடனும். துரியாதீதத்தில் மூலாதாரத்தில் புருடன் மட்டும். புருவநடுவிலிருந்து கண்டம், இருதயம், நாபி என்று இறங்கி இறங்கிப் போகும்போது ஒவ்வொன்றாகக் கழல்கிறது. கருவி எதுவுமே இல்லாத கேவல நிலை ஒன்றையும் சித்தாந்தம் சொல்கிறது. அங்கே உயிர் எதையும் அறிவதில்லை, தன்னையே அறிவதில்லை, ஆனாலும் இருக்கிறது. இருட்டில் இருக்கும் கண்ணைப் போல என்பார்கள். பார்க்கவில்லை என்பதால் கண் குருடு ஆகிவிடாது.

இங்கே நான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சடம். அதற்கு உயிர் கிடையாது. மணிமேகலையிலேயே பூதவாதி ஒருவன் வருகிறான். தாதகிப் பூவையும் கட்டியையும் சேர்த்தால் கள்ளின் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் பறையின் ஓசைபோல் அடங்கிவிடுகிறது என்கிறான். என் மேசையில் இருப்பதைப் பொறுத்தவரை அவன் சொல்வது எழுத்துக்கு எழுத்து உண்மை. சேர்த்தால் ஓடும், பிரித்தால் நிற்கும், நின்றபின் எங்கேயும் எதுவும் மிச்சம் இல்லை. மெஷினை வைத்து ஆன்மாவை நிரூபிக்க நான் வரவில்லை. எனக்கு நம்பிக்கை உண்டு, அது திருமுறையிலிருந்து வந்தது, சால்டரிங் இரும்பிலிருந்து வரவில்லை. ஆனால் மணிமேகலை அந்தப் பூதவாதியைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கண்ணால் கண்டதை மட்டும் ஏற்பேன் என்கிறாயே, உன் தாய் தந்தை இன்னார் என்பதைக் கருதல் அளவை இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்பாள். அப்பாவை அறிவதற்கே கண் போதாது என்பது அன்று கோயிலில் எனக்கு வேறு விதமாகத் தைத்தது.

பேச்சு நின்றதால் அறிவும் நின்றது என்று ஆகாது என்பதை வைத்திய உலகம் படிப்படியாகத் தெரிந்துகொண்டிருக்கிறது. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற அறுவை வைத்தியர் பார்த்த நோயாளிக்கு ‘டான்’ என்ற ஒரே அசை தவிர வேறு சொல் அநேகமாக வராது. மருத்துவமனையில் அவரை அந்தப் பெயரில்தான் அழைத்தார்கள். ஆனால் எண்ணிக்கை கேட்டால் விரலால் பதில் காட்டினார். இறந்தபின் பார்த்தபோது மூளையின் இடது முன்பகுதியில் சேதம். அப்பாவுக்கு அடைப்பு வந்ததும் இடது பக்கம்தான். இன்னொன்று 2006இல் வெளிவந்தது. விபத்தில் அடிபட்டு ஐந்து மாதமாக அறிவோடு கூடிய எந்த அசைவும் இல்லாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள், உன் வீட்டு அறைகளில் நடப்பதாக நினைத்துக்கொள் என்று ஏட்ரியன் ஓவன் குழுவினர் சொன்னார்கள். ஸ்கேனில் அவள் மூளை, நலமாக இருப்பவர்களின் மூளை எப்படி மாறுமோ அப்படியே மாறியது. வேறொரு ஒயரில் வேறொரு விளக்கு எரிந்தது. அந்த விளக்கு ஒருவருக்கு எரியவில்லை என்றால் உள்ளே ஆள் இல்லை என்று ஆகாது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

இருட்டிவிட்டது. வீட்டுக்குப் போனேன்.

அப்பா தானே பழுது பார்த்து வைத்திருந்த பழைய டிரான்சிஸ்டர் பரண்மேல் இருந்தது. தூசி தட்டி, பேட்டரி போட்டு, திருச்சி வானொலியை மீடியம் வேவில் பிடித்தேன், 936. அப்பாவுக்கு அந்த இடம் கைப்பழக்கம். நிலையம் தெளிவாக வந்ததும் குமிழை ஒரு மயிரிழை திருப்பினேன். குரல் கேட்கும், ஆனால் கூடவே கரகரவென்று ஒரு இரைச்சல், ஓரத்தில் விசில். ரேடியோ தெரிந்த எவராலும் தாங்க முடியாத நிலை அது. அதைக் கட்டிலில் அவர் இடது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

நெற்பயிருக்கு மேலுரம் இடுவதைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார். நிமிஷங்கள் போயின. புது வகை ராம் போட்ட மெஷின்கள் முதல்முறை எழும்போது சில நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும். ராமோடு பழகிக்கொண்டிருக்கும். பொறுக்க மாட்டாமல் இடையில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். வாடிக்கையாளர்களிடம் கையை எடுங்கள், பொறுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அத்தை உள்ளேயிருந்து வந்தாள். “எதுக்குடி இந்த எழவுச் சத்தம், அணைச்சுத் தொலை” என்று குனிந்தாள்.

அப்போது அப்பாவின் இடது கை நகர்ந்தது. முதலில் ரேடியோவின் மேல்பக்கத்தைத் தடவிற்று. பக்கவாட்டில் இறங்கிற்று. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் குமிழைப் பிடித்தன. திருப்பினார், கூடிப்போயிற்று, இரைச்சல் அதிகமானது. திரும்பி வந்தார். நிலையத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம், பிறகு பின்னால், பிறகு முன்னால். அந்த முன்னும் பின்னுமான அசைவை 30 வருடம் பார்த்திருக்கிறேன். குரல் சுத்தமாக நின்றது.

அத்தை குனிந்தபடியே நின்றாள்.

ஒருமுறை நடந்தது காக்கையாக இருக்கலாம், பனம்பழமாக இருக்கலாம். மறுநாள் அதே நேரம் குமிழை மறுபக்கம் திருப்பி வைத்தேன். நேற்றைவிடச் சீக்கிரம் கை வந்தது, சரியான திசையில் திருப்பிற்று. மூன்றாம் நாள் நிலையத்தைத் துல்லியமாகப் பிடித்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் செய்தி, பாட்டு, விவசாயம் எல்லாம் போயிற்று. கை குமிழைத் தொடவே இல்லை. பழைய பழக்கத்தில் கை துடித்தது என்றால் அன்றும் துடித்திருக்க வேண்டும்.

அன்று கை வேறொன்று செய்தது. மார்புக்குப் போயிற்று. இடது மார்பில், சட்டைப் பை இருக்கும் இடத்தில், விரல்கள் எதையோ உருவி எடுப்பதுபோல் மேலே இழுத்தன. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். 40 நாளும் இதைத்தான் நரம்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

“அப்பா, கண்ணாடியாப்பா?” என்றேன்.

கை நின்றது.

விழுந்த அன்று கழன்ற கண்ணாடியை, கைக்கடிகாரத்தோடும் மோதிரத்தோடும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தோம். அது இல்லாமல் அவருக்கு ஒரு கை தூரத்துக்கு அப்பால் யார் முகமும் தெரியாது. ஒருவருக்கும் அதை எடுத்து மாட்டத் தோன்றவில்லை.

முந்தானையால் துடைத்தேன். ஒரு பக்கக் கண்ணாடியில் கொல்லை மண் காய்ந்து ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டி எடுத்தேன். மாட்டிவிட்டேன். இடது காதுப் பக்கம் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் கையை நீட்டுவதற்குள் அவரே அதைச் சரிசெய்துகொண்டார்.